பத்துச் சாம்பல் வில்லைகள்

எது வெளுத்தாலும் எது கறுத்தாலும் நாலு நாள் கழித்துத்தான் தெரிகிற ஊர் கல்லாம்பாறை. வேப்பமரத்தின் மேலும் எருமையின் முதுகிலும் மாதா கோயில் மணியிலும் ஒரே சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூசி படிந்து, மழை வந்தால் அதுவும் இறுகி, விளக்குமாற்றுக்கு அடங்காமல் கல்லாகிவிடுகிற ஊர் அது. ஆகவே அந்தத் தவக்காலத்தின் முதல் வாரத்தில் மனிதர்கள் குறைய ஆரம்பித்தபோது அதை மனிதர்கள் யாரும் கவனிக்கவில்லை, கவனித்தது ஒரு நாய். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த மீன்காரர் ஞானப்பிரகாசத்தின் நிழலில் வந்து சுருண்டு படுத்த அந்த நாய், இரண்டே நிமிஷத்தில் முதுகு சுட எழுந்து, அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மின்கம்பத்தின் நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அப்போதுதான் பக்கத்தில் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள்: மின்கம்பத்தின் நிழல் கரியாக விழுந்திருக்க, மீன்காரரின் நிழல் அரிசி களைந்த தண்ணீர் சிந்திய இடம்போல வெளிறிக் கிடந்தது.

அதற்கப்புறம் திரும்பின பக்கமெல்லாம் அதுதான். ஒருத்தர் படுத்தால் கயிற்றுக் கட்டில் தொய்வதில்லை, ஒருத்தர் கூப்பிட்டால் குரல் வாசல்வரைதான் வருகிறது, ஒருத்தி எவ்வளவு புளி கரைத்தாலும் குழம்பு பாதிதான் புளிக்கிறது. ஆள் இருக்கிறார், பேசுகிறார், சோறு தின்கிறார், ஆனால் முழுசாக இல்லை. இதற்காக ஊர் ஒன்றும் ஒப்பாரி வைக்கவில்லை. மத்தியானம் சுரங்கத்தில் வெடி வைத்துச் சுவரில் விரிசல் விழுந்தால் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டு உலை வைக்கப் போகிற ஜனங்கள் அவர்கள். இது இன்னொரு விரிசல், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்தார்கள், பங்குச்சாமியார் கூடுதலாக ஒரு சிலுவைப்பாதை வைத்தார், மாரியம்மன் கோயில் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தூசி தின்றவர்களுக்குத்தான் வருகிறது என்றார்கள், சிமெண்ட் ஆலைப் பக்கமே போகாத பூக்காரம்மா குறைந்தாள். குடிக்கிறவர்களுக்குத்தான் என்றார்கள், மோரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காத தலைமையாசிரியர் குறைந்தார். பாவம் செய்தவர்களுக்கு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தப் பட்டியலில் முதலில் வரவேண்டியவர்களின் நிழல்தான் கன்னங்கரேலென்று விழுந்துகொண்டிருந்தது.

ஆனால் ஊர் என்றால் தகராறு இல்லாமல் இருக்குமா? முக்கால் ஆளுக்கு முழு டிக்கெட்டா என்று பேருந்தில் சண்டை. அரை ஆள் ரேஷன் வரிசையில் நின்றால் அவர் இடத்தில் இன்னொரு அரை ஆள் நிற்கலாமா என்று அடிதடி. நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை கல்யாணத்தன்று வெளுத்துப்போய் வந்து நின்றால் தாலி கட்டலாமா கூடாதா என்று பெண் வீட்டார் கேட்க, சோறு ஆறிப்போகும்வரை யாருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் பேரூராட்சியின் செயல் அலுவலர் கனகசபாபதி, நல்ல மனுஷர், ஒரு பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் சலேத்மேரியின் முன்னால் உட்கார்ந்தார். இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் நடுவில் நிற்கிற ஆளை எழுத்தில் கொண்டுவர உங்களை விட்டால் இந்த மாவட்டத்திலேயே ஆள் இல்லை என்று அவர் சொன்னது வெறும் முகஸ்துதி இல்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் செய்த வேலை அப்படி. அதுவரை ஆலையின் சூளையை ஓட்டினது எண்கள் இல்லை, வார்த்தைகள். சூளைக்காரர்கள் நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து நெருப்பைப் பார்ப்பார்கள், கொஞ்சம் மஞ்சள் தட்டுது, கரியைச் சுமாராகக் குறை என்பார்கள், சூளையும் பசுமாடு மாதிரி கேட்டுக்கொள்ளும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்குக் கொஞ்சமும் தெரியாது, சுமாரும் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த சலேத்மேரியை, இருப்பதிலேயே கெட்டிக்கார சூளைக்காரனான தைரியநாதன் பக்கத்தில் மூன்று மாதம் உட்கார வைத்தார்கள். அவன் கொஞ்சம் என்று சொன்னபோதெல்லாம் அவள் கருவியைப் பார்த்து எண்ணைக் குறித்தாள். அப்படிக் குறித்துக் குறித்துத்தான் அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது: நெருப்பு நல்ல சூடா அதிகச் சூடா என்று கேட்பதே தப்பு, ஒரே நெருப்பு ஒரே நேரத்தில் பத்துக்கு ஏழு நல்ல சூடாகவும் பத்துக்கு மூன்று அதிகச் சூடாகவும் இருக்கலாம், அதற்காக நெருப்பு வெட்கப்படுவதில்லை.

அதை அட்டவணையாக்கும்போது அவள் சூடு ஏறி இறங்குகிற வளைவுகளை எல்லாம் நேர்கோடாக்கினாள், கோடு என்றால் கணக்குச் சுலபம். தைரியநாதன் எட்டிப் பார்த்துவிட்டு, சூடு இப்படி ஏணி வைத்து ஏறாது, வளைந்து வளைந்துதான் ஏறும் என்றான். அவள் சிரித்து, கிட்டத்தட்ட வந்தால் போதும் என்றாள். கூடவே சூளைக்காரர்களின் பழைய சட்டத்தையும் இரண்டு வரியாக எழுதி வைத்தாள். இரண்டு அளவுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் கீழ் அளவை எழுது. இதுவும் அதுவும் என்று சேர்ந்து வந்தால் இரண்டில் எது குறைச்சலோ அதை எடு. கரி ஒரு கூடை குறைந்தால் குடி முழுகிப் போகாது, கூடினால் சூளையின் உள்செங்கல் உருகி ஆலையே பத்து நாள் நின்றுவிடும். குறைச்சலை எடுக்கிறவனுக்கு நஷ்டமில்லை என்பது அங்கே சாமி வாக்கு. அந்த மூன்று மாதத்தின் கடைசி நாளில் தைரியநாதன், என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டான். சுமாராக, என்றாள். எத்தனை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டவன், அவள் பேனாவை நீட்டினதும், வேண்டாம், சிலது எழுதுகிறதுக்கு இல்லை என்று நீலக் கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அடுத்த தை மாதம் கல்யாணம். இப்போது அவர்களுக்குப் பதினொரு வயதில் ஜெனிட்டா என்று ஒரு பெண்.

செயல் அலுவலருக்காக சலேத்மேரி ஒரே நாளில் பத்து வில்லைகள் வார்த்தாள். உள்ளங்கை அகலம். ஒரு பங்கு சிமெண்டும் ஒன்பது பங்கு சுண்ணாம்பும் கலந்தது முதல் வில்லை, இரண்டும் எட்டும் இரண்டாவது, இப்படியே கறுத்துக்கொண்டு போய், கரித்தூளும் சேர்ந்த முழு சிமெண்ட் பத்தாவது. பேரூராட்சி வாசலில் சுண்ணாம்பு அடித்த தரை. காலை பத்து மணி வெயிலில் ஆளை நிறுத்தி, விழுகிற நிழலோடு வில்லையை வைத்து ஒப்பிட வேண்டியது, எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியது. இரண்டு வில்லைக்கு நடுவில் நிழல் நின்றால் என்ன செய்வது என்று எழுத்தர் கேட்டார். கீழ் வில்லையை எழுதுங்கள் என்றாள் சலேத்மேரி, யோசிக்கவே இல்லை, பதினாலு வருஷத்துப் பழக்கம் நாக்கு நுனியில் இருந்தது. அட, அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இருமல் வந்திருக்கக் கூடாதா, ஒரு காக்கா தலையில் எச்சம் போட்டிருக்கக் கூடாதா.

அவளுக்குப் பத்து. ஜெனிட்டாவுக்கும் பத்து, குண்டுமணியின் மூக்கு மாதிரி கறுத்த நிழல். தைரியநாதன் வந்து நின்றான். இருபது வருஷம் நெருப்பைப் பார்த்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இருபது வருஷம் தூசி தின்ற இருமலை ஒரு தடவை இருமிவிட்டு, பெண்டாட்டி கையால் அளக்கப்படுகிற கூச்சத்தில் சிரித்தான். ஏழாம் வில்லையை வைத்தாள், நிழல் அதைவிடக் கறுப்பு. எட்டை வைத்தாள், ஒரு மயிரிழை வெளுப்பு. ஏழே முக்கால், இன்னும் கேட்டால் ஏழே முக்காலுக்கும் மேல். வரிசையில் நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கையில் புருஷனுக்கென்று தனிச் சட்டம் எழுத அவளுக்குக் கை வரவில்லை. ஏழு என்று எழுதினாள். என் முக்காலைத் தின்னுட்டியே என்று அவன் கேலி செய்தான், வரிசையே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

ஒரு வாரத்தில் அவன் நிழல் சரியாக ஏழாம் வில்லைக்கு வந்துவிட்டது. அவன் மட்டுமில்லை, யார் யாருக்கு என்ன எழுதினார்களோ அவரவர் அதற்கு இறங்கி நின்றார்கள். உடம்பு பதிவேட்டுக்குக் கீழ்ப்படிகிறது என்று ஊருக்குத் தெரிந்தபோது பயப்பட வேண்டியவர்கள் பயப்படவில்லை, கனகசபாபதிக்குப் பரம திருப்தி. பதிவேடும் ஆளும் இவ்வளவு ஒத்துப்போனால் அளவு முறை சரி என்றுதானே அர்த்தம், இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று மாவட்டத்துக்கு எழுதிப்போட்டார். மாதம் ஒரு தரம் அளக்கலாம் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. அடுத்த மாதம் அளக்கும்போது ஒரு துண்டு மேகம், ஏழாம் வில்லைக்கு ஒரு இழை குறைந்து நின்றான் தைரியநாதன், ஆறு என்று எழுதினார்கள். அதற்கடுத்த மாதம் தரையில் சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தார்கள், ஐந்து. முழுசாக வில்லையோடு ஒட்டி நிற்கிறவன்கூட ஒரு தூசு குறைந்தால் ஒரு படி இறங்கினான், ஒரு படி ஏறினவன் என்று அந்தப் பதிவேட்டில் ஒருத்தன் கிடையாது.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது, அதுதான் சொல்லவந்தேன். ஊர் எதற்கும் பழகும். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் ஏதோ இருக்கேன் என்பதுதானே நம் ஜனங்களின் பதில். அது போய், ஏழு, என்றார்கள், போன மாசத்துக்கு ஆறு, என்றார்கள். பசிக்கிறதா என்றால் எட்டு. படம் எப்படி என்றால் நாலு. கொஞ்சம், சுமார், பரவாயில்லை, ஒரு மாதிரி என்கிற வார்த்தைகளை எல்லாம் சொன்னால், இன்னும் அளக்காத ஆள் போல என்று சிரித்தார்கள், அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக வாயிலிருந்து உதிர்ந்துபோயின. டீக்கடையில் ஐந்துக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாதி கிளாஸ் ஊற்றினார்கள், அவர்களும் அதில் பாதியைக் குடித்துவிட்டு வைத்தார்கள். மாரியம்மன் திருவிழாவில் தேர்ப்பல்லக்கைத் தூக்கின எட்டுப் பேரில் ஒருவர் மூன்று என்பதால் எட்டுப் பேரின் பலமும் மூன்றாகி, அம்மன் ஊர் பாதியிலேயே இறங்கி உட்கார்ந்துகொண்டாள். பாதி ஆளுக்கு முழு நற்கருணை கொடுக்கலாமா என்று பங்குச்சாமியார் ஆயருக்கு எழுதிக் கேட்டார், பதில் வருவதற்குள் அந்தப் பாதி ஆளே தீர்ந்துபோனார். தீர்ந்துபோனவருக்கு எப்போது அழுவது என்பதுதான் பெரிய சங்கடம். நாலில் கொஞ்சம் அழுது, இரண்டில் கொஞ்சம் அழுது, கடைசியில் கண்ணீர் இல்லாமல் அவர் படுத்த இடத்தில் ஒரு எண்ணெய் விளக்கை வைத்துவிட்டு எழுந்தார்கள். மீன்காரர் ஞானப்பிரகாசம் தீர்ந்த அன்று அவருடைய சைக்கிள் மட்டும் மூன்று தெரு மீன் விற்றுவிட்டு வந்து சாய்ந்து நின்றது. அந்த மீனை வாங்கினவர்கள் நன்றாகத்தான் இருந்தது என்றார்கள்.

ஆடி மாதம் தைரியநாதன் மூன்றில் இருந்தான். சூளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், நெருப்பைப் பார்த்து அவன் சொல்வது நெருப்புக்குக் கேட்கவில்லை. பகலெல்லாம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து நீலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான். குரல் போய்விட்டது, சட்டை தொளதொளவென்று தொங்கியது, ஆனால் அந்த இருமல் மட்டும் குறையவே இல்லை, நாலு வீடு தள்ளியும் முழுசாகக் கேட்டது. சலேத்மேரி வேலைக்குப் போகும்போது முதுகுக்குப் பின்னால் அதைக் கேட்டுக்கொண்டே போவாள். அந்த இருமலுக்காக அவள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள், நின்றுபோகட்டும் என்று ஒரு காலத்தில், நின்றுவிடக் கூடாது என்று இப்போது.

அந்த மாதம்தான் ரேஷன் கார்டுகளுக்கும் அளவு போட்டார்கள். தனித்தனி ஆளுக்கு எண் இருக்கிறது, குடும்பத்துக்கு எண் வேண்டாமா? குடும்பம் என்றால் இவரும் அவரும் அந்தப் பிள்ளையும் சேர்ந்தது, சேர்ந்து வந்தால் எது குறைச்சலோ அதை எடு, சலேத்மேரியின் அட்டவணையில் இரண்டாவது வரி, மாவட்டத்து முத்திரையோடு வந்து இறங்கியது. பத்தும் பத்தும் மூன்றும் சேர்ந்த குடும்பத்துக்கு மூன்று. பெரியவர்களின் உடம்பு முற்றின உடம்பு, இறங்க நாளாகும். பிள்ளைகளின் உடம்பு சொன்னதை உடனே கேட்கும். எட்டாம் நாள் ஜெனிட்டாவின் நிழல் தரையில் அரிசி களைந்த தண்ணீராகக் கிடந்தது.

ஊரில் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். குறைந்தவர்களின் பெயரைக் கார்டிலிருந்து அடித்துவிட்டால் மிச்சப் பேர் தப்பிக்கலாம். தாயாரை அடித்தார்கள், தம்பியை அடித்தார்கள், சிலர் தாங்களாகவே போய் என்னை அடித்துவிடுங்கள் என்று கியூவில் நின்றார்கள். அடிக்கப்பட்டவர்கள் மூடிப்போன பழைய சுரங்கக் குழியின் விளிம்பில் பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் சாய்வதற்குள் இல்லாமல் போனார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சலேத்மேரி கனகசபாபதியிடம் ஓடினாள். அந்தச் சட்டம் சூளைக்கு எழுதினது, மனுஷனுக்கு இல்லை, என்றாள். குறைச்சலை எழுதினால் சூளைக்கு ஒரு கூடை கரிதான் நஷ்டம், மனுஷனுக்கு மனுஷனே நஷ்டம், சந்தேகம் வந்தால் ஆளுக்கு மேல் வில்லையைத்தான் எழுதியிருக்க வேண்டும், நான் தலைகீழாக எழுதிவிட்டேன், என் தப்பு, என் கையாலேயே திருத்தித் தருகிறேன் என்று அழுதாள். அவர் தண்ணீர் கொடுத்தார். அவருடைய கை கிளாஸைப் பிடிக்கும்போது கிளாஸ் தெரிந்தது, கையை ஊடுருவித் தெரிந்தது.

"நானே நாலும்மா. எனக்கு மட்டும் ஆசையா?" என்றார். "பதினாலு ஊருக்கு உங்க அட்டவணை போயிடுச்சு. திருத்தணும்னா மேலே ஒரு மனு போடணும். மனுவுல கையெழுத்துப் போடற ஆள் அஞ்சுக்கு மேல இருக்கணும்னு ஒரு விதி. உங்க கார்டு இப்ப மூணு."

அவள் அங்கேயே பதிவேட்டை இழுத்து, தைரியநாதன் பெயருக்கு நேராகத் தன் பேனாவால் பத்து என்று எழுதினாள். அவர் தடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உடம்பு பதிவேட்டைத்தானே கேட்கிறது, கேட்கட்டும் என்று வீட்டுக்கு வந்து, புருஷனுக்குச் சுடுசோறு போட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தாள். வாரம் முடியும்போது அவன் இரண்டாகியிருந்தான். ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருந்தால் என்ன செய்வதென்று எழுத்தர் யாரையும் கேட்கவில்லை, மூன்றும் பத்தும் சேர்ந்து வந்தால் குறைச்சலை எடுத்தார், அதைப் புதுப் பக்கத்தில் ஏற்றும்போது சந்தேகத்துக்கு ஒரு படி இறக்கினார். அவள் எழுதின சட்டத்துக்குள் அவளாலேயே ஒரு ஓட்டை போட முடியவில்லை. அவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தாள் பாவி.

அன்று சாயங்காலம் ஜெனிட்டா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாள். டீச்சர் பேர் கூப்பிட்டாங்க, உள்ளேன் ரெண்டுன்னு சொன்னேன், இல்லைன்னு போட்டுட்டாங்க என்றாள். வருகைப் பதிவேட்டில் பின்னத்துக்கு இடமில்லையாம், ஐந்துக்குக் கீழே என்றால் இல்லை என்று போடச் சொல்லி உத்தரவாம். பிள்ளை அழவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த தைரியநாதன் மகளைப் பார்த்தான், மகளுடைய காலடியில் ஒன்றுமே விழாத தரையைப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியைக் கை காட்டிக் கூப்பிட்டான். அவன் வாய் அருகே காதை வைத்தால்தான் கேட்கும்.

"என் பேரை அடிச்சுடு மேரி."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"சூளை மிஞ்சி எரியுறப்ப கரியைத்தான் இழுப்போம், செங்கலை இழுக்க மாட்டோம். போய் அடிச்சுட்டு வா."

மறுநாள் அவள் போய் அடித்துவிட்டு வந்தாள். சிவப்பு மசியில் ஒரு கோடு, நேர்கோடு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுரங்கக் குழி இருக்கிற பக்கம் பார்க்காமல் வந்தாள். தெருமுனைக்கு வந்தபோது இருமல் கேட்டது. ஓடினாள். வாசற்படியில் ஒரு நீராவி போலத்தான் தெரிந்தான், ஆனால் இருந்தான், நீலக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழிக்குப் போகவில்லையா என்று அவள் கேட்கவில்லை, வழி தெரியவில்லை என்று அவன் காட்டின சைகையில் பழைய கேலி இருந்தது. மூன்றாம் நாள் ஜெனிட்டாவின் நிழல் கறுக்க ஆரம்பித்தது, ஆறாம் நாள் பத்தாம் வில்லை மாதிரி விழுந்தது, அவனும் இருமிக்கொண்டே இருந்தான். அந்த ஆறு நாளும் சலேத்மேரி சந்தோஷமாக இருந்தாள், சொல்லத்தான் வேண்டும். பதிவேட்டில் இல்லாத ஒருவன், அதனாலேயே யாரும் அளக்க முடியாத ஒருவன், அளக்க முடியாததால் இனிமேல் குறையவும் முடியாத ஒருவன் தன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாள். மூன்று தட்டு வைத்தாள். மூன்றாவது தட்டில் பருக்கை நாலு குறைந்தாலும் அதைச் சாப்பாடு என்றே எடுத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்குக் கணக்கெடுக்கும் பெண் வந்தாள். வெளியூர்க்காரி, சின்ன வயசு, முகத்தில் வெயில் கொப்புளம். பெயர் அடித்த வீடுகளில் நேரில் போய்ச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் அக்கா, ஒரே கேள்விதான் என்று படிவத்தை எடுத்தாள். அதில் இரண்டே கட்டம். இருக்கிறார், இல்லை. அவள் வாசற்படியைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள், கடக்கும்போது அவன் காலை மடக்கிக்கொண்டு வழி விட்டான், அவளுக்கு அது தெரியவில்லை. இருமல் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீடா என்றாள்.

பிறகு ஜெனிட்டாவைப் பார்த்துச் சிரித்து, "பாப்பா, அப்பா இருக்காரா, இல்லையா?" என்று கேட்டாள்.

ஜெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். மாதா கோயிலில் உறுதிப்பூசுதலுக்குப் படிக்கிற பிள்ளை, பொய் சொல்லாது. அதன் வாய் திறப்பதும் அதன் காலடியில் கருகருவென்று விழுந்திருந்த நிழலும் சலேத்மேரிக்கு ஒன்றாகத் தெரிந்தன. இருக்கார் என்று ஒரு சொல், அது படிவத்தில் ஏறும், படிவம் கார்டில் ஏறும், கார்டு பிள்ளையின் மேல் ஏறும். இந்தக் கேள்விக்குத் தன் ஆயுசு முழுக்கப் பதில் எழுதினவள் அவள். நெருப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பதில், இரண்டு கட்டத்துக்கும் நடுவில் எத்தனையோ இடம் இருக்கிறது என்கிற பதில். அந்த இடத்தின் பெயரைத் தேடினாள். ஒரு காலத்தில் ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வார்த்தை, அது வாயில் இல்லை, நெஞ்சில் இல்லை, எங்கும் இல்லை.

மகளை முந்திக்கொண்டு, "இல்லை," என்றாள்.

வாசலில் பாதி இருமல் கேட்டது. மீதி வரவில்லை.

அந்தப் பெண் கட்டத்தில் ஒரு குறி போட்டாள், குடிக்கத் தண்ணீர் கேட்டாள், குடித்துவிட்டு, வருகிறேன் அக்கா என்று படியிறங்கிப் போனாள். படியில் நீலக் கண்ணாடி கிடந்தது, அவள் மிதிக்காமல் ஒதுங்கிப் போனாள். சலேத்மேரி அதை எடுத்தாள். வெயிலில் கிடந்த பொருளுக்கு இருக்கிற சூடுதான் அதற்கு இருந்தது, அதற்கு மேல் இல்லை. கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தாள், சுரங்கப் பக்கம் பார்த்தாள், ஆலைப் புகைக்கூண்டைப் பார்த்தாள், எல்லாம் நீலமாக, எல்லாம் முழுசாக இருந்தன.

ஜெனிட்டா வந்து பக்கத்தில் நின்றாள். இருவரின் நிழலும் சேர்ந்து படியில் ஒரே கறுப்பாக விழுந்தன. அந்தப் பிள்ளை, "நீங்க சொன்னதாலயாம்மா அப்பா போனாங்க?" என்று கேட்டது. ஆமாம் என்றோ இல்லை என்றோ எதிர்பார்த்து அது கேட்கவில்லை. அந்த ஊரில் வளர்ந்த பிள்ளை, ஒரு எண்ணுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பத்து," என்றாள் சலேத்மேரி.